அழைத்தவன்தான் கேட்க வேண்டும்

"சிரிக்காதடா. எங்கம்மா பாத்திரம் தேய்ச்சிக்கினு இருக்குது, தலை மட்டும் ஆடுது."

"எதனா பாட்டு கேட்டுக்கினு இருந்திருக்கும்."

"பாட்டா? மதியானம் பூரா கரண்ட்டே இல்லடா. பின்னாடி போயி நின்னு பாக்குறேன். கை பாட்டுக்கு தேய்க்குது, தலை பாட்டுக்கு இப்டி, இப்டி… அம்மான்னு கூப்ட்டா, திரும்பி 'இன்னாடா'ன்னு சாதாரணமா கேக்குது. தலை ஆடுச்சேன்னு சொன்னா 'போடா பைத்தியம்'ன்னுது."

நெடுமாறன் ஒரு கையை வண்டியின் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துவிட்டு, கழுத்தைச் சுழற்றி, அம்மாவின் தலை எப்படி ஆடியது என்று காட்டினான். வண்டி லேசாக வளைந்து நேரானது. பின்னால் உட்கார்ந்திருந்த இனியன் சிரிக்கத்தான் செய்தான். ஆனால் அந்தச் சுழற்சியில் ஒரு கணக்கு இருந்தது. நான்கு சின்ன அசைவு, பிறகு மூன்று பெரியது. அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும்.

மதியம் கரண்ட் போயிருந்த அந்த நேரத்தில்தான் சிங்கவரம் சாலையோரக் கடலைக் கொல்லையில், மாலைக் கச்சேரிக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டு ஸ்பீக்கர்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இனியனும் அங்கே இருந்தான். சிங்கவரத்தில் இருக்கும் நெடுமாறனின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். காற்று அந்தப் பக்கமாக வீசியிருக்கும், சத்தம் அவன் அம்மா அமிர்தவல்லியின் காதுக்குப் போயிருக்கும், அவருக்குத் தெரியாமல் தலை மட்டும் அதைக் கேட்டிருக்கும். அவ்வளவுதான். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சித்திரை மாதத்துப் பகல் முழுக்க வெயிலைக் குடித்த மலைகள், அடுப்பிலிருந்து இறக்கிவைத்த சட்டியைப் போல, இப்போது அதை மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருந்தன. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறைகளைக் கடக்கும்போதெல்லாம் ஒரு வெந்த மூச்சு முகத்தில் பட்டது. நெடுமாறன் எதையோ ஹம் செய்தபடி ஓட்டினான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவனுக்கு ஒரு மொபைல் ரிப்பேர் கடை இருக்கிறது. முகூர்த்த நாள், கடையில் கூட்டம். அப்படியும் ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருந்தான். ப்ராகிரெசிவ் மெட்டல் என்கிற ராக் இசை வகை என்னவென்று அவனுக்குத் தெரியாது. இனியன் பாண்டிச்சேரியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை செய்கிறான், அவன் ஒலிப்பதிவு செய்த ஏதோ ஒன்று இந்தக் கச்சேரியில் வரப்போகிறது, நெடுமாறனுக்கு அது போதும்.

"போஸ்டர்ல உன் பேரு இருக்குதுடா. கடைக்கு வந்தவன் அத்தினி பேருகிட்டயும் காட்டிட்டேன்."

இனியன் சாலையைப் பார்த்தான். கொல்லை வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். சாலை திரும்புவதற்குள். அந்தப் புளியமரத்துக்குள். புளியமரம் கடந்து போயிற்று.

கோட்டைக்குள் இந்த மாதிரி நிகழ்ச்சிக்கெல்லாம் அனுமதி கிடைக்காது. அதனால் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடித்த அந்தக் கொல்லையில், கோட்டை பின்னால் தெரிகிற மாதிரி மேடை போட்டிருந்தார்கள். கால் வைத்தால் மண் பொதபொதவென்று உள்வாங்கியது. காய்ந்த கொடியின் வாசனை, ஜெனரேட்டர் டீசல், எண்ணெயில் வேகும் பஜ்ஜி. சென்னையிலிருந்தும் பாண்டியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த பிள்ளைகள், ஆணும் பெண்ணும் கறுப்புப் பனியனில், முடியை அவிழ்த்துவிட்டு நின்றார்கள். அவர்களை வேடிக்கை பார்க்கச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வரப்பில் குந்தியிருந்தார்கள். 'கருநொச்சி' என்ற பாண்டிச்சேரி இசைக்குழு ஏற்கெனவே முதல் பாட்டைத் தொடங்கியிருந்தது.

அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்த குஞ்சம்மாள் நெடுமாறனைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள்.

"ஏன்டா தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிப்பாங்க? அப்போலேர்ந்து ரிப்பேரே பண்ணிக்கினு இருக்கானுங்களே."

"ஆரம்பிச்சிட்டாங்க அத்த. இதான் பாட்டு."

"இதா? எங்கூட்டு எரும கன்னு போட்டப்ப கூட இத்தினி கத்தல."

நெடுமாறன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கும்போது அவனுக்குக் கண் மூடிக்கொள்ளும். அவனுடைய அக்கா மணிமொழிக்கும் அப்படித்தான்.

செஞ்சியைச் சுற்றியுள்ள பல வீடுகளில், கல்யாணம் வைத்தால் அந்த வீட்டில் கன்னியாகச் செத்துப்போனவளை முதலில் அழைக்க வேண்டும். பூவாடைக்காரி என்பார்கள். ஏரிக்கரையில் கலசமும் புதுப்புடவையும் பூவும் வைத்து, பம்பை அடித்து, பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சொந்தத்தில் யார் மேலாவது அவள் வந்து இறங்குவாள். வந்ததும் அழைத்தவர்கள் கேட்க வேண்டும், உனக்கு என்ன வேணும் தாயே என்று. அவள் கேட்பதைத் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். முடியாது என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. பிறகு பம்பையின் அடி மாறும், கற்பூரம் காட்டுவார்கள், அவள் மலையேறிவிடுவாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. மழை வந்தால் துணியை எடுக்க வேண்டும் என்பது போல அதுவாகத் தெரிந்துவிடும்.

தை மாதம், தங்கை தமிழினியின் கல்யாணத்துக்கு நெடுமாறன் வீட்டில் மணிமொழியை அழைத்தார்கள். காய்ச்சலில் போனவள் அவள். நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். "அக்கா குரல இனிமே கேக்க முடியுமோ முடியாதோ, நீ உன் மெஷின எடுத்தாந்து புடிச்சு வெச்சுக் குடுடா" என்று நெடுமாறன்தான் கேட்டான். இனியன் நல்ல மைக்கோடு வந்தான். பம்பை ஏழு எண்ணிக்கையில் சுழன்றது. அமிர்தவல்லியம்மாவின் கொண்டை அவிழ்ந்தது. "வந்துட்டேன்" என்றது ஒரு குரல். அம்மாவின் குரலே இல்லை அது. கேட்டவர்களுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. என்ன வேணும் என்று கேட்டபோது பச்சைக் கண்ணாடி வளையலும் ஒரு பன்னீர் சோடாவும் கேட்டாள். பன்னீர் சோடா என்றதும் எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். அது அவளேதான்.

அந்தப் பதிவைத்தான் இனியன் கருநொச்சிக்குக் கொடுத்தான். வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டதாகச் சொன்னான். ஏழு எண்ணிக்கையில் ஓடும் அந்தப் பம்பையைக் கேட்டதும் கிதார் வாசிக்கிற ஆனந்தராஜ் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். அவர்களுக்குக் கேள்வி வேண்டாம், அழுகை வேண்டாம், வாக்கு வேண்டாம், மந்தமாக ஓடுகிற வழியனுப்பு அடியும் வேண்டாம். இனியன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெட்டினான். அழைப்பையும் "வந்துட்டேன்" என்ற சொல்லையும் மட்டும் வைத்துக்கொண்டு, வாலைத் தலையோடு ஒட்டினான். கூப்பிடு. வந்துட்டேன். கூப்பிடு. வந்துட்டேன். ஒட்டு தெரியாமல் வரும்வரை அதைச் சுற்றிச் சுற்றிக் கேட்டான். எத்தனை முறை என்று அவனுக்கே தெரியாது.

நெடுமாறனிடம், பதிவாகவில்லை என்று சொல்லிவிட்டான். மெமரி கார்டு கெட்டுப்போச்சு மச்சான் என்றான்.

"வுடுறா, கூப்ட்டதுக்கு வந்தாளே, அது போதும்" என்று நெடுமாறன்தான் அவனைத் தேற்றினான்.

இரண்டாவது பாட்டு முடிந்தபோது ஒலியைக் கலக்கும் மேசையிலிருந்து, குழுவுக்கு ஒலியமைக்கும் கவிதா கையசைத்துக் கூப்பிட்டாள். இனியன் மட்டும் போனான். மேசை மேல் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. கவிதா ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாள்.

"அந்தப் பம்பை பாட்டுதான் அடுத்து. லூப்பை ரொம்ப நேரம் ஓடவிடணும்ங்கிறார் ஆனந்த். அவங்க வீட்டுல ஓகேதான? அந்தத் தம்பி உன்கூட வந்திருக்காரே, அவர்தான?"

இல்லை என்று சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரு பொத்தான், அவ்வளவுதான், அழுத்தாமல் விட்டுவிடுவாள். இனியன் திரும்பிப் பார்த்தான். கூட்டத்தின் ஓரத்தில் நெடுமாறன் ஒரு கறுப்புப் பனியன் பையனிடம் தலையாட்டக் கற்றுக்கொண்டிருந்தான். தப்பும் தவறுமாக ஆட்டினான். கண் மூடிக்கொள்ளும் அந்தச் சிரிப்பு இங்கே வரைக்கும் தெரிந்தது. மேசை மேல் ஒட்டியிருந்த போஸ்டரில் இனியனின் பெயரும் தெரிந்தது.

"ஓகேதான். போடுங்க" என்றான்.

திரும்பி நடக்கும்போதுதான் அந்த வாசனையைக் கவனித்தான். மழையே பார்க்காத மண்ணில் ஏரித் தண்ணீர் வாசனை. பாசியும் சேறும் கலந்தது. அதற்குள் மஞ்சளும், தலையில் ஒரு நாள் முழுக்க இருந்து வாடிய மல்லிகையும். முன்னால் நிற்கும் பெண்களில் யாரோ பூ வைத்திருப்பார்கள் என்று பார்த்தான். யார் தலையிலும் பூ இல்லை.

"வா வா. இந்த ஆட்டம் நல்லாருக்குதுடா. நம்மூரு சாமியாட்டந்தான் இது, ஜீன்ஸ் போட்டுக்கினு ஆடுறானுங்க" என்று நெடுமாறன் அவன் தோளில் கைபோட்டான்.

மேடையில் ஆனந்தராஜ் மைக்கை இழுத்தார். "அடுத்த பாட்டு புதுசு. இந்த ஊர் மண்ணுலேர்ந்தே எடுத்த சத்தம் இதுல இருக்கு. அதைக் குடுத்த குடும்பத்துக்கு எங்க நன்றி."

நெடுமாறன் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினான். "எந்தக் குடும்பம்டா? நம்ம பக்கமா?"

இனியன் வாயைத் திறந்தான்.

பம்பை தொடங்கியது.

அது ஸ்பீக்கரிலிருந்து வந்த மாதிரி இல்லை. ஆள் உயர ஸ்பீக்கர்கள் முன்னால்தான் நின்றன, ஆனால் சத்தம் மண்ணுக்குள்ளிருந்து உள்ளங்கால் வழியாக ஏறியது. நான்கு சின்னது, மூன்று பெரியது. அதன் மேல் கிதார்கள் இரும்பைத் தேய்ப்பது போல மெல்ல நுழைந்து, ட்ரம்ஸ் அதே ஏழு எண்ணிக்கையைத் துண்டு துண்டாக வெட்டி வெட்டிச் சேர்க்க, கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் தலையைத் தாழ்த்தியது. நூற்றுக்கணக்கான அவிழ்ந்த முடிகள். சிவப்பு வெளிச்சத்தில் அவை எழுவதும் விழுவதும் ஏரித் தண்ணீர் கரையில் ஏறி இறங்குவது போலிருந்தது.

தோள் மேலிருந்த நெடுமாறனின் கை கனத்தது.

"வந்துட்டேன்."

கை நழுவி விழுந்தது.

இனியன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டு நின்றான். பம்பை ஒரு சுற்று வந்தது. மறுபடியும் அவள். வந்துட்டேன். வீட்டுக்குள் யாரோ கதவைத் திறந்துகொண்டு நுழைகிற போது சொல்வது போல, அத்தனை இயல்பாக.

"பதிவாகலன்னு சொன்ன" என்றான் நெடுமாறன்.

கோபமே இல்லாத குரல். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மச்சான்…"

"அதுக்கப்புறம் எங்க? எங்க நைனா கேட்டாரே, அது எங்க? அனுப்பி வெச்சாங்களே, அந்த அடி எங்கடா?"

"அது… வெட்டிட்டேன்."

நெடுமாறன் இப்போது அவனைப் பார்க்கவில்லை. சாலையின் பக்கம், தன் வீடு இருக்கும் திசையில் பார்த்தான். "எத்தினி வாட்டிடா கூப்ட்ட அவள?" என்றான். பிறகு, "மதியானம் அம்மா…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

பம்பை ஓடியது. வந்துட்டேன். பம்பை. வந்துட்டேன்.

இனியன் ஓடினான். வியர்த்த முதுகுகளைத் தள்ளிக்கொண்டு, பொதபொத மண்ணில் கால் புதைய, கவிதாவின் மேசைக்கு ஓடினான். நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினான். தலையாட்டிக்கொண்டிருந்த யாரும் விலகவில்லை. யாருக்கும் கண் திறந்திருக்கவில்லை. போகிற வழியில் குஞ்சம்மாளின் கூடை கவிழ்ந்து கிடந்தது, மல்லாட்டை மிதிபட்டது. மெட்டல் கேட்க வந்த பிள்ளைகளின் தலை ஆடுவதில் ஒன்றுமில்லை. ஆனால் குஞ்சம்மாளின் தலை ஆடியது. நரைத்த கொண்டை அவிழ்ந்து, முகம் மறைந்து, நான்கு சின்னது, மூன்று பெரியது. வரப்பில் குந்தியிருந்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். அவர்கள் தலைகளும்.

மேசையருகில் கவிதா நின்றிருந்தாள். ஹெட்போன் கழுத்தில். பொத்தான்களின் மேல் விரல்கள் அசையாமல் இருந்தன. தலை சுழன்றது.

அவன் அவளைத் தள்ளினான். கைக்குக் கிடைத்ததையெல்லாம் இறக்கினான். ஜெனரேட்டரிலிருந்து வந்து மேசைக்குப் பின்னால் தடிமனாக ஓடிய கேபிளைப் பிடுங்கினான்.

எல்லாம் நின்றது.

விளக்குகள் போயின. கிதார் போயிற்று. ஸ்பீக்கர்கள் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கின. இருட்டில் கோட்டையின் விளிம்பு மட்டும் வானத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இனியன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். முடிந்தது. இனி நெடுமாறனிடம் போக வேண்டும். காலில் விழ வேண்டும். அவன் என்ன செய்தாலும் சரி.

சத்தம் நிற்கவில்லை.

முதலில் அது தன் இதயம் என்று நினைத்தான். பிறகு கேட்டான். பாதங்கள். பொதபொத மண்ணில் வெறும் காலும் ஷூவும் செருப்பும் சேர்ந்து மிதிக்கும் சத்தம். மெத்தென்று. ஆழமாக. நான்கு சின்னது. மூன்று பெரியது. கூட்டம் முழுக்க. மேடை மேலும்.

ஏரி வாசனை இப்போது வாய்க்குள் இருந்தது.

பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து விளக்கைப் போட்டான்.

அவர்கள் மேடையைப் பார்க்கவில்லை.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பியிருந்தார்கள். முகத்தில் முடி. ஒரு முகமும் தெரியவில்லை. மிதித்துக்கொண்டே நின்றார்கள். அருகில் நின்ற பெண்ணின் பனியனில் பெங்களூர்க் கல்லூரி ஒன்றின் பெயர் இருந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வியர்வை இல்லை. தண்ணீர். மண்ணில் சொட்டுச் சொட்டாக.

"எத்தினி வாட்டி" என்றாள் அவள். சிங்கவரத்துப் பேச்சு. சிங்கவரத்துக் குரல்.

"வந்துக்கினே இருக்கேன்" என்றது வரப்பிலிருந்து.

"யாரும் ஒண்ணும் கேக்கல" என்றாள் கவிதா, அவன் காதுக்குப் பக்கத்தில்.

பின்வாங்கினான். முதுகு எதன் மேலோ முட்டியது. ஒரு மார்பு. ஈரமாக இருந்தது. திரும்பினான்.

நெடுமாறன்.

அவன் தலை ஆடவில்லை. அசையாமல் நின்றான். போன் வெளிச்சத்தில் முகம் முழுதாகத் தெரிந்தது. கண் மூடியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான்" என்றான் இனியன். "டேய். நெடுமாறா. நாந்தான்டா."

பாதங்கள் நின்றன. ஒரே நேரத்தில். கொல்லையில் ஒரு பூச்சி கூடக் கத்தவில்லை.

நெடுமாறன் வலது கையை நீட்டினான். உள்ளங்கை மேலே பார்த்தபடி. வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் கை. அவனுக்குப் பின்னால் குஞ்சம்மாள் நீட்டினாள். கவிதா நீட்டினாள். பெங்களூர்ப் பெண். வரப்பு. மேடை. வெளிச்சம் எட்டிய தூரம் வரைக்கும், அதற்கப்பால் இருட்டிலும், கைகள். திறந்த, வெறும் கைகள்.

கேட்கவேண்டிய வார்த்தை அவனுக்குத் தெரியும். கேட்டுவிட்டால் கொடுத்தாக வேண்டும் என்பதும் தெரியும். ஏரிக்கரையில் அவளைக் கேட்டபோது பக்கத்தில் தாய் இருந்தாள், தகப்பன் இருந்தார், கலசம் இருந்தது, கற்பூரம் இருந்தது. இங்கே அவன் மட்டும்தான். அவள் இப்போது பன்னீர் சோடா கேட்பாளா?

தன் வெறுங்கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

நெடுமாறனின் உதடுகள் திறந்தன. அவற்றின் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்தது. அத்தனை வாய்களும் அதே நேரத்தில் திறந்தன. கோபமே இல்லை அந்தக் குரலில். களைப்பு மட்டும். நெடுந்தூரம் திரும்பத் திரும்ப நடக்கவைக்கப்பட்ட ஒரு பெண்ணின் களைப்பு.

"கூப்ட்டுக்கினே இருக்குறியே, இனியா. இன்னா வேணும்னு ஒருவாட்டி கேளேன்."